அக்காவை எடுக்கப் போன நாள்

எனக்கு ஓர் அக்கா இருந்தாள். பல் முளைக்கும் முன்பே காய்ச்சலில் போய்விட்டாள்; பின்னால் பிறந்த நான் அவளைவிடப் பெரியவளாகிவிட்டேன். பச்சைக் குழந்தையை எரிப்பதில்லை என்பதால், நாங்கள் குடியிருந்த மராத்தி ஊரான கட்கியில் ஆற்றோரச் சுடுகாட்டின் ஒரு மூலையில் அப்பா அவளைப் புதைத்திருந்தார். அந்த மூலை வழியாகப் புது ரோடு வரப்போகிறது, வேண்டியவர்கள் எலும்புகளை எடுத்துக்கொண்டு போகலாம் என்று அறிவித்தார்கள்.

அம்மாவுக்கு அதே பேச்சாகிவிட்டது. எங்களில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. தான் பெற்ற பிள்ளை கிடக்கும் இடத்தை அவள் பார்த்ததே இல்லை. "கொழந்த மேல லாரி ஓடணுமா?" என்று கேட்டுக் கேட்டு அப்பாவை லீவு போட வைத்தாள். சின்னப் பெண்தானே, பரவாயில்லை என்று என்னையும் கூட அனுப்பினாள். "எல்லாத்தையும் நல்லா பாத்துக்கினு வா. அம்மாகிட்ட வந்து சொல்லணும்" என்றாள். பெரிய உத்தியோகம் கிடைத்த மாதிரி தலையாட்டினேன்.

போனால், சொன்ன நாளுக்கு முன்பே ஜேசிபி வந்து போயிருந்தது. மூலை என்று எதுவும் இல்லை. அப்பா அடையாளம் வைத்திருந்த வேப்பமரமும் இல்லை. எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கியிருந்தார்கள். அப்பா ஆற்றைப் பார்த்து நின்றார், பிறகு பாலத்தைப் பார்த்து நின்றார். "காகா, லவ்கர் சாங்கா", சீக்கிரம் இடத்தைச் சொல்லுங்கள் என்று ரோடு மேஸ்திரி மராத்தியில் அவசரப்படுத்தினார். அவர் குரலில் கோபம் இல்லை, அலுப்புதான். அப்பா ஓர் இடத்தைக் காட்டினார். தோண்டினார்கள், கல்தான் வந்தது. இன்னோர் இடம், அங்கும் கல். அதற்குப் பிறகு அப்பா எதையும் காட்டவில்லை. அப்படியே உட்கார்ந்து, கைக்கு வந்த மண்ணை அள்ளி, கொண்டுபோயிருந்த புதுப்பானையில் போட்டு, அதன் வாயை மஞ்சள் துணியால் கட்டினார்.

திரும்பும்போது, "அம்மா கேட்டா..." என்று ஆரம்பித்தவர் பானையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தார்.

பானையை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று அம்மா தெருமுனைக்கே வந்து காத்திருந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பானையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். துணியை அவிழ்க்கவில்லை. "காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்புடலயே நீங்க" என்று மட்டும் அவரிடம் சொன்னாள்.

என் முறை வரும் என்று பக்கத்திலேயே நின்றேன். அவள் என்னிடம் எதையுமே கேட்கவில்லை. எனக்கு அழுகையாக வந்தது. அவ்வளவு கவனமாகப் பார்த்து வந்திருந்தேன்.