கொசாக்குகள் என்று நினைத்த காலை

1. இன்று காலை நகர நடுவே, டவுன்ரவுனில், பனி கொட்டியது.
2. இரண்டு பொலிஸ் குதிரைகள் என்னைக் கடந்து போயின.
3. நனைந்த ரோமத்தின் வாசத்தில் எனக்கு மீண்டும் எட்டு வயதாகிவிட்டது.

தொண்ணூறுகள். இந்த நாட்டுக்கு வந்து, டோர்செட் பார்க்கில் எங்கள் முதல் குளிர்காலம். ஊரிலிருந்து கொண்டுவந்த ரஷ்யக் கதைப் புத்தகத்தை அப்பா உரக்க வாசிப்பார். அந்நிய நாட்டுக்குள் புகுந்த பெரும்படை, பனியில் திரும்பி ஓடும். கொசாக்குகள் என்ற ரஷ்யக் குதிரைவீரர்கள் காட்டுக்குள்ளிருந்து பாய்ந்து, பின்தங்கியவர்களை வெட்டிவிட்டு மறைவார்கள்.

அப்பா, அம்மா, தம்பியோடு அகதி வழக்கு விசாரணைக்குப் போன அன்று, பனிக்குள்ளிருந்து பொலிஸ்காரர் ஏறிய இரண்டு குதிரைகள் வந்தன. அவற்றின் முதுகு அப்பாவின் தலைக்கு மேலே இருந்தது. மூக்கிலிருந்து ஆவி பறந்தது. அவ்வளவு அழகை நான் அதுவரை கண்டதில்லை. ஆனாலும், பின்தங்கி வந்த தம்பியை இழுத்து முன்னால் விட்டேன்.

"அப்பா, கொசாக்குகள்! எங்களை இங்கயிருந்து கலைக்க வந்திட்டினம்!"

"வாளைக் காணேல்லையே, அக்கா?" என்றான் தம்பி.

அப்பா சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"அந்தப் படை நாட்டைப் பிடிக்கப் போனது, பிள்ளை. நாங்கள் இருக்க இடம் கேட்டெல்லோ வந்தனாங்கள்."

மூன்று மாதத்தில் கடிதம் வந்தது. எங்களை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். நாலு பேரும் இங்கேதான் இருக்கிறோம்.