நோர்பி கார்னர்ஸ் வெண்ணெய்

நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை. என் நாக்குக்குத் தெரியும். ராத்திரியில், அரைத் தூக்கத்தில் கண்டதல்ல இது. ஆகஸ்ட் மாத உச்சி வெயிலில், நன்றாக விழித்திருக்கும்போது எனக்கு நடந்தது.

எங்கள் ஊர் நோர்பி கார்னர்ஸ். விஸ்கான்சினில் இரண்டு சாலைகள் சந்திக்கும் இடம். மேயர் கிடையாது, நகரசபை கிடையாது. பெயர்ப் பலகையைக்கூட நாங்களே அடித்து நட்டோம். சில வீடுகள், ஒரு தேவாலயம், லீலண்ட் ஃபாஸ் நடத்தும் மதுக்கடை. அப்புறம், பூட்டிக் கிடந்த வெண்ணெய் ஆலை. சுற்றுவட்டார விவசாயிகள் கூட்டாகக் கட்டியது. அதைச் சுற்றித்தான் ஊரே உண்டானது. ரயில் வருவது நின்றதும் ஆலையும் நின்றுவிட்டது. அதெல்லாம் நான் பிறப்பதற்கு முன்பு.

டிராக்டர் பழுது பார்க்கும் பட்டறை வைக்கலாம் என்று நானும் என் கணவர் கார்டியும் அதை வாங்கினோம்.

"மூக்கைக் கழட்டி வீட்லயே வச்சிட்டுப் போங்க," என்றார் லீலண்ட். எழுபதைத் தாண்டியும் கேலி போகாத மனிதர். அன்றைக்கு மட்டும் அவர் சிரிக்கவில்லை.

கதவைத் திறந்ததும் புளித்த பால் நாற்றம். இத்தனை வருஷம் காய்ந்து கிடந்த கட்டடத்தில் எப்படி? பிளீச்சிங் பவுடர் போட்டுத் தரையைத் தேய்த்தோம். மறுநாள் போனால் தரையெல்லாம் பிசுபிசுப்பு. பூட்ஸ் வழுக்கியது. விரலால் தொட்டுப் பார்த்தேன். மஞ்சள் கொழுப்பு. நகக்கண்ணில் ஏறியது சோப்புக்குப் போகவில்லை.

"பழைய கட்டடம், மார்லிஸ். வெயிலுக்குக் கசியுது," என்றார் கார்டி.

"எங்கேயிருந்து கசியுது?"

அவர் மறுபடி பிரஷ்ஷை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

இன்னொன்றையும் கவனித்தேன். அவ்வளவு நாற்றத்திலும் ஒரு ஈ இல்லை. பக்கத்தில் மாட்டுப் பண்ணை. ஆகஸ்ட் மாதம். ஒரு ஈகூட இல்லை.

மூன்றாம் நாள் கார்டி பெயிண்ட் வாங்க டவுனுக்குப் போனார். நான் தனியாகச் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். பின்னறையில் சத்தம் கேட்டது.

சளக்... தொப்.

நிறுத்திக் கேட்டேன்.

சளக்... தொப்.

அங்கே பாலேடு தேக்கும் பெரிய சிமெண்டுத் தொட்டி ஒன்றுதான் இருந்தது. முந்தின நாள் நானே அதற்குள் இறங்கிப் பெருக்கியிருந்தேன். உள்ளே இருந்தது தூசி மட்டும்தான்.

எட்டிப் பார்த்தேன். விளிம்பு வரை பாலேடு. மேலே கெட்டியாக, சுருக்கம் விழுந்த மஞ்சள் ஆடை. அது மெல்ல ஏறியது, இறங்கியது. மூச்சு விடுவது போல.

ஆடை ஓரிடத்தில் புடைத்தது. முதலில் மூக்கு. பிறகு நெற்றி. அதன் கீழே ஒரு பள்ளம்... வாய்.

வாய் ஆடையை உள்ளே இழுத்தது. வெளியே ஊதியது. மறுபடி இழுத்தது.

ஆடை கிழியவே இல்லை.

வாயைப் பொத்தினேன்.

அப்போதுதான் அந்த ருசி...

உப்புப் போட்ட வெண்ணெய். என் வாய்க்குள். நாக்கின் மேல் வழுவழுவென்று ஏதோ ஊறியது. விழுங்க மாட்டேன் என்று பல்லைக் கடித்தேன்.

தொண்டை தானாக விழுங்கியது.

ஓடினேன்.

கார்டி வந்தபோது சாலையோரம் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தேன். அவர் போய்ப் பார்த்தார். தொட்டி காய்ந்து கிடந்ததாம். வீட்டுக்கு வந்ததும் இருமல். வாஷ்பேசினில் ஒரு மஞ்சள் கட்டி விழுந்தது. அதற்குள் ஒரு மயிர், சுருட்டையாக, செக்கச் செவேலென்று. என் தலை நரைத்துவிட்டது. கார்டிக்கோ மொட்டை.

மறுநாள் மதுக்கடைக்குப் போனேன். மயிரைக் காகிதத்தில் மடித்து லீலண்ட் முன்னால் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. டிவியை அணைத்தார்.

"அது தாடி மயிர். அந்த ஆலையில ஆண்டன் ஹோல்விக்னு வெண்ணெய் கடையிறவர் ஒருத்தர் இருந்தாரு, செந்தாடிக்காரர். ஒரு நாள் ராத்திரி தொட்டியில விழுந்துட்டாரு. காலையிலதான் பாத்தாங்க. ரயில் வர்ற நேரம். எங்க தாத்தாவும் அங்க இருந்தாரு."

"தூக்கினாங்களா?"

"தூக்கினாங்க."

"பாலேட்டைக் கொட்டினாங்களா?"

லீலண்ட் கண்ணாடித் தம்ளரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"துணியில வடிகட்டினாங்க, மார்லிஸ். கடைஞ்சு, உப்புப் போட்டு ரயில்ல ஏத்துனாங்க. மிச்சத்தை ஊர்ல வீட்டுக்கு வீடு பிரிச்சுக்கிட்டாங்க. வீட்லயே நெஞ்சுவலி வந்து செத்துட்டாருன்னு பாதிரியார்கிட்ட சொல்லிட்டாங்க."

"எல்லாரும் தெரிஞ்சேவா?"

"ஆம்பளைங்களுக்கெல்லாம் தெரியும். வீட்ல யாரும் சொல்லல. ஆண்டன் பொண்டாட்டிக்கும் ஒரு பங்கு போச்சு. அந்தம்மா பிள்ளைங்களுக்கு ரொட்டியில தடவிக் கொடுத்துச்சாம்."

போகலாம் என்று எழுந்தேன். ஆனால் அவர் முடிக்கவில்லை.

"அதுல ஒரு டப்பாவ அந்த வருஷ மாநிலக் கண்காட்சிக்கு அனுப்பினாங்க," என்றார். "முதல் பரிசு வந்துச்சு. ருசிக்கு."