வெர்லின்டாவும் அரிசோனா நேரமும்

அரிசோனா மாநிலத்தில் இருக்கிற எங்கள் டியூபா சிட்டியில் கோடைக்காலத்தில் நேரம் சொன்னால், "நம்ம நேரமா, ஃபீனிக்ஸ் நேரமா?" என்று கேட்டுவிட்டுத்தான் மறுபேச்சு. மார்ச்சில், நவாஹோ பழங்குடியினரான நாங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவோம். மாநிலத் தலைநகரான ஃபீனிக்ஸ்காரர்கள் தள்ளமாட்டார்கள்.

என்னோடு பள்ளிப் பேருந்து ஓட்டிய வெர்லின்டாவுக்கு இதெல்லாம் அத்துப்படி. ஆனாலும் குளிர்காலத்தில் புதுக் கணினி வாங்கியவள், நேர மண்டலப் பட்டியலில் 'அரிசோனா' என்று கண்டதும் அதையே தேர்ந்தெடுத்தாள். கோடையில் மணி மாறுகிற 'மவுண்டன்' என்பதை எடுத்திருக்க வேண்டும். குளிர்காலத்தில் இரண்டும் ஒன்று என்பதால் பிசகு தெரியவில்லை. மார்ச்சில் கணினி பின்தங்கியபோது மண்டலத்தைத் தொடாமல், மணியை மட்டும் கையால் தள்ளிவைத்தாள்.

அவள் தம்பி எல்ரோய் ஃபீனிக்ஸில் இருந்தான். அம்மாவின் மேய்ச்சல் நிலத்துக்காகச் சண்டை போட்டு, இருவருக்கும் பல வருஷமாகப் பேச்சில்லை. ஜூனில் அவன் மகள் ஷண்டீன் கூப்பிட்டாள்.

"அத்தை, அப்பாவுக்குத் தொண்டையில கேன்சர். குரல்வளையையே எடுக்கப் போறாங்க. அதுக்கு முன்னால உங்ககிட்டப் பேசணுங்கிறார். வீடியோ அழைப்பு அனுப்புறேன், வருவீங்கல்ல?"

"வராம? அவனைத் திட்டுறதுக்கு எவ்வளவோ சேர்த்து வச்சிருக்கேன்."

கணினியில் வந்த அழைப்பு, அறுவை சிகிச்சை நாளன்று காலை ஒன்பது மணி என்று காட்டியது. அது ஃபீனிக்ஸ் ஒன்பது, எங்களுக்குப் பத்து. கணினியே கணக்குப் பண்ணித் தந்திருக்கும் என்று நம்பி, எப்போதும் கேட்கிற கேள்வியை அன்று அவள் கேட்கவில்லை. விசேஷத்துக்கு வைத்திருந்த டர்க்காய்ஸ் கல் மாலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். திரையில் அவள் முகம் மட்டும்தான். வெகுநேரம் பார்த்துவிட்டு, ஆடுகளை ஓட்டிக்கொண்டு கைபேசி எடுக்காத பள்ளத்துக்குப் போய்விட்டாள்.

அதன்பிறகு, எங்கள் பத்து மணிக்குத்தான் எல்ரோய் திரைக்கு வந்தான். அறுவை சிகிச்சைக்கு அழைத்துப்போகும்வரை காத்திருந்தானாம். "அக்காவுக்கு இன்னும் கோவம் போல" என்று மகளிடம் சொன்னானாம்.

சாயங்காலம் ஷண்டீனிடம் பேசியபின் வெர்லின்டா கணினியோடு என் வீட்டுக்கு வந்தாள்.

"மணியைக் கையால மாத்தினியா?" என்றேன்.

"பின்னாடி ஓடுச்சு. அதான்."

மண்டலத்தை மாற்றினேன். ஒன்பது மணி அழைப்பு எங்கள் கண்முன்னே பத்துக்கு நகர்ந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சேன்டீ" என்றாள் மெதுவாக.

மறுநாளே ஃபீனிக்ஸ் போனாள். எல்ரோய் பிழைத்துக்கொண்டான். இப்போது மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கிறாள். சிரிக்கிறார்கள், சேர்ந்து சாப்பிடுகிறார்கள். அன்றைக்கு என்ன சொல்ல இருந்தாய், எழுதியாவது காட்டு என்று ஒருமுறை கேட்டாளாம். வேண்டாம் என்று கையசைத்துவிட்டானாம்.

"எழுதுற விஷயமா இருந்தா முன்னாடியே எழுதியிருப்பான்" என்றாள் என்னிடம்.