வெளி என்றால் வயல்

டவுனில் ஓர்ஸ் ஹில் வாடகை வீட்டை விட்டு, தம்பலகாமத்துப் பக்கம் காணி வாங்கி வீடு கட்டியவன் நான். வீட்டுக்குப் பின்னால் காடு, அதற்கு அப்பால் குளம். யானைகள் காட்டுக்குள்ளாலேயே குளத்துக்குப் போய்வரும். என்னைத் திரும்பியும் பார்ப்பதில்லை. என் வீடிருக்கும் இடமும் ஒரு காலத்தில் காடுதான். தன் பங்கை வெட்டிக்கொண்டு மிச்சத்தைக் காக்கப் புறப்பட்ட பேர்வழி என்று என்னைச் சொன்னால் கோபிக்க மாட்டேன்.

அந்த மிச்சத்தைப் பாதுகாக்கச் சட்டம் வருகிறது என்றார்கள். வரைவை ஊருக்கு வாசித்துக்காட்டப் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் என்பதால் வாசிக்கும் வேலை எனக்கு. எனக்கும் மேடை ஆசை உண்டு. வானொலிச் செய்தி போலக் குரலைத் தாழ்த்தி வாசித்தேன். "எல்லைக்குள் அமைந்த வெளிகள் இதில் அடங்கா" என்ற இடத்தில் மண்டபம் நிமிர்ந்தது.

உழவு மெசின் வைத்திருக்கும் என் பக்கத்து வீட்டுக்காரர் எழும்பினார். "சேர், அந்த வரியத் திருப்பி வாசிங்கோ."

வாசித்தேன்.

"அப்ப காட்டுக்குள்ள வெளி இருந்தா, சட்டம் தொடாது?"

எழுதிய கொழும்புக்காரர் மரமில்லாத புல்தரையை நினைத்திருப்பார். எங்கள் பக்கத்தில் வெளி என்றால் வயல்.

"இது வயல் இல்லை, வெறும் இடம்" என்று விளக்கினேன்.

"நாங்க விதைக்கிறது வெறும் இடமோ சேர்?" என்றது பின்வரிசை. மண்டபம் சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன்.

மறுநாளே மரம் அறுக்கும் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர்தான்.

"என்ன செய்றீங்கள்?"

"வெளி செய்றன், சேர். சட்டம் வரக்குள்ள இருக்க வேணுமே. மூண்டு பிள்ளையள், நாளைக்கு அதுகள் எங்க போறது? உங்களுக்கும் ஒரு துண்டு விட்டிருக்கிறன்."

துண்டை வேண்டாமென்றேன்.

வன இலாகாக் கந்தோருக்குப் போனேன். "புதுச் சட்டம் வருதுதானே ஐயா, வந்ததும் பாப்பம்" என்றார் அதிகாரி. கதிரை தந்தார், தேத்தண்ணீரும் தந்தார்.

சட்டம் வந்தது. 'பாதுகாக்கப்பட்ட காடு' என்ற பலகையும் வந்தது. அதை வயல் வரம்பில் நட்டார்கள். இப்போது அதில் கொக்கு குந்துகிறது.

ஒரு விடியற்காலை யானை என் பின்வளவுக்குள் நின்று வாழையைத் தின்றது. பாவம், அதற்கும் வேறு வழியில்லை. நான் முன்கதவுக்குள் ஒடுங்கி நின்றேன். வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்: "சேர், உங்களுக்கு நல்ல குரல்தானே. அதுக்கும் சட்டத்த வாசிச்சுக் காட்டுங்கோவன்."

சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்து முடிவதற்குள் பின்பக்கம் குசினிச் சுவர் விழுந்த சத்தம் கேட்டது.

சுவரை இன்னும் கட்டவில்லை. கட்டினாலும் யானை அந்த வழியாகத்தானே வரவேண்டும். குசினியில் நின்றால் இப்போது குளம் நேராகத் தெரிகிறது. நடுவில் முழுக்க வெளி.