போர்வை மூலையில் வைத்த மஞ்சள்

ஒத்தக்கடை வழியாக ஐகோர்ட் கிளைக்குப் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினால் எனக்கு இப்போதும் கொட்டாவி வந்துவிடுகிறது. அத்தனை முறை போய் வந்திருக்கிறேன். கொலைக் கேஸ், சொத்துக் கேஸ் என்று வருகிறவர்களுக்கு நடுவே நான் ஒரு பொட்டு மஞ்சளுக்காக அலைந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் என்ன கேஸ் என்று கேட்டால் டெண்டர் என்று மட்டும் சொல்வேன். மஞ்சள் என்றால் முழுக்கதையும் சொல்ல வேண்டும். கேட்பவர் சிரிப்பார். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது.

செல்லூரில் எனக்குச் சில விசைத்தறிகள் உண்டு. போர்வையும் துண்டும் நெய்கிறோம். வீட்டுக்குள் சௌராஷ்டிரம், வாசலைத் தாண்டினால் மதுரைத் தமிழ் என்று வளர்ந்த குடும்பம். அரசு மாணவர் விடுதிகளுக்குப் போர்வை சப்ளை செய்ய ஒரு துறை டெண்டர் கேட்டது. கிடைத்தால் வருஷம் முழுக்கத் தறி நிற்காது. நானும் போட்டேன்.

அதில் ஒரு நிபந்தனை. மாதிரிப் போர்வை ஒன்று கொடுக்க வேண்டும், அது யாருடையது என்று காட்டும் எந்த அடையாளமும் அதில் இருக்கக் கூடாது. ஆபீஸில் வெறும் எண்ணைப் போட்டுத் தரம் பார்ப்பார்கள். மாதிரி தேறினால்தான் விலைக் கவரைப் பிரிப்பார்கள். நல்ல விதி. இத்தனை பட்டபிறகும் சொல்கிறேன், நல்ல விதிதான்.

நான் கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தேன். லேபிளைப் பிளேடால் பிரித்து எடுத்தேன். எங்கள் சரக்கு என்று கடைக்காரர்கள் கண்டுகொள்ளும் பச்சை ஓர இழையைக்கூட அந்த ஒன்றில் போடாமல் நெய்யச் சொன்னேன். பிறகு இஸ்திரி போடுவதற்காக வீட்டுக்கு எடுத்துப் போனேன். காரியம் கெட்டது அங்கேதான்.

என் மனைவி இஸ்திரி போட்டாள், அழகாக மடித்தாள், மூலையில் மஞ்சளைத் தொட்டு வைத்தாள். புதுத்துணி எதுவும் எங்கள் வீட்டில் மஞ்சள் படாமல் உடம்பில் ஏறாது, வாசலையும் தாண்டாது. தறியில் புதுப் பாவு நூல் ஏற்றி நெய்து இறங்குகிற முதல் துண்டிலும் அவள் விரல் பட்டாக வேண்டும். மதுரையில் எந்த வீட்டில்தான் இந்தப் பழக்கம் இல்லை? மஞ்சளை நானும் பார்த்தேன். பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது துணியின் ஒரு பாகமாகவே தெரிந்தது. பைக்குள் வைத்து சீல் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மாதிரிகளைப் பரிசோதித்த அன்று டெண்டர் போட்ட எங்களையும் அந்த அறையில் உட்கார வைத்திருந்தார்கள். அதிகாரி ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துக்கொண்டு வந்தவர், என்னுடையதைக் கையில் எடுத்ததும் நின்றார்.

"என்னய்யா இது, மூலையில கறை?"

எழுத்தர் எட்டிப் பார்த்தார். "கறை இல்ல சார், மஞ்சள். புதுத்துணிக்கு வைப்பாகல்ல, எங்க வீட்லயும் வைப்போம்."

"எங்க வீட்லயுந்தான் வைப்பாங்க. ஆனா மத்த மாதிரி எதுலயும் இல்லையே. இதுல மட்டும் இருந்தா அடையாளந்தான?"

நான் வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பது? அது என் போர்வை என்று சொன்னால் அதுவே அடையாளமாகிவிடும். அவர் தலைக்குப் பின்னால் இருந்த இரும்பு பீரோவில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அழியாமல் இருந்தன. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் விலைக் கவர் பிரிக்கப்படாமலே என் கைக்குத் திரும்பி வந்தது.

வீட்டில் மறைக்க முடியவில்லை. மனைவி கேட்டது ஒரே கேள்விதான். "நான் வச்ச மஞ்சளாலயா?" எங்கள் பாஷையில் கேட்டாள். தமிழில் எழுதும்போது அதிலிருந்த பயம் பாதி காணாமல் போகிறது.

"அதெல்லாம் ஒரு சாக்கு" என்றேன். அவள் நம்பவில்லை. தறி ஒன்று நின்றாலும் அவள் முகம் செத்துப்போகும், நூலில் சிக்கல் விழுந்தால்கூடத் தன் கையைப் பார்த்துக்கொள்வாள். எனக்கு அந்த ஆர்டர் வேண்டும், இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் கேஸ் வரைக்கும் போனது அதற்காக இல்லை. உன் மேல் தப்பில்லை என்று நான் சொன்னது அவளுக்குப் போதவில்லை. பெரிய இடத்தில் யாராவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

முதலில் துறையின் மேலதிகாரிக்கு அப்பீல் போட்டேன். நிராகரித்து வந்த பதிலில் மஞ்சள் என்ற சொல்லே இல்லை. பிறகு வக்கீலைப் பிடித்தேன், என்னைவிட இளையவர். "மஞ்சள் அடையாளம் இல்ல, வழக்கம். இதை எழுதி வாங்கிருவோம்ணே" என்றார். எனக்குத் தெம்பு வந்தது.

ஆனால் சப்ளைக்குத் தடை கிடைக்கவில்லை. மழைக்காலம் வருகிறது, பிள்ளைகள் வெறுந்தரையில் படுக்கிறார்கள் என்றார் அரசு வக்கீல். அதுவும் நியாயம்தான். அதன்பிறகு வாய்தாவுக்கு மேல் வாய்தா. பதில் மனுவுக்கு அவகாசம், வக்கீல் வரவில்லை, எங்கள் எண் வருவதற்குள் நேரம் முடிந்தது. காரணங்களை இப்போது வரிசைப்படுத்திச் சொல்லக்கூட எனக்குத் திராணியில்லை.

ஒருநாள் கேன்டீனில் டெண்டர் கிடைத்தவரே எதிரில் வந்து உட்கார்ந்தார். பரவைப் பக்கம் குடோன் வைத்திருப்பவர். திட்டலாம் என்றுதான் நினைத்தேன். அவரே எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

"அண்ணே, கோவிச்சுக்காதிய. எங்க வீட்லயும் மஞ்சள் வைக்காம ஒரு துணி எடுக்க விடமாட்டாக. என் சாம்பிள் வீட்டுக்கே வரல. மில்லுல இருந்து பார்சல்ல நேரா ஆபீசுக்குப் போயிருச்சு. வீட்டுக்கு வந்திருந்தா நானும் உங்க கூடத்தான் நின்னுருப்பேன்."

இதற்குப்பின் அவரை எப்படித் திட்டுவது? டீயைக் குடித்தேன். ஆறிப் போயிருந்தது.

கடைசியில் கேஸ் முடிந்த அன்று எங்கள் முறை வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. போர்வை சப்ளை முழுவதும் முடிந்துவிட்டதால் இந்த மனுவில் இனி தீர்மானிக்க எதுவும் இல்லை என்று முடித்துவிட்டார்கள். வராண்டாவில் வக்கீல் என் தோளைத் தொட்டார். "நாம தோத்துட்டோம்னு எழுதலண்ணே."

"மஞ்சளைப் பத்தி?"

"அதுக்குள்ளயே போகலண்ணே."

வீட்டுக்குப் போனதும் சொன்னேன். மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். "தப்புன்னு சொன்னாகளா, தப்பில்லன்னு சொன்னாகளா?" என்று கேட்டாள். ரெண்டும் சொல்லவில்லை என்றேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டுக் கழுநீரை ஊற்றினாள். அன்றைக்கு அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அந்தத் தீபாவளிக்கு எல்லாருக்கும் புதுத்துணி எடுத்திருந்தோம். விடிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தபோது என் சட்டையை நீட்டினாள். வாங்கியவன் காலரைத் திருப்பிப் பார்த்தேன். கீழ் ஓரத்தைப் பார்த்தேன். எங்கேயும் மஞ்சள் இல்லை. பிள்ளைகளின் துணியிலும் இல்லை.

"மஞ்சள் வைக்கலையா?"

"ஜட்ஜே ஒண்ணும் சொல்லல. எனக்கு என்ன தெரியும்?"

கோபமாகச் சொல்லவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு பிள்ளைகளோடு வெடி போடப் போனேன். அன்று முழுவதும் யாருடைய சட்டையையோ இரவல் வாங்கிப் போட்டிருப்பதுபோல் இருந்தது.