ஆறாவது ஆளுக்கு இடம்

‘கயித்தக்கா’ என்ற பெயரை அவளுடைய மாமனார் முதன்முதலில் கேட்டது முடிவெட்டும் கடையில். கழுத்தைச் சுற்றித் துணி கட்டி, பாதி முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தார். பின்னால் பெஞ்சில் இருந்த ஒருவர் பேப்பரை மடித்துக்கொண்டே சொன்னார்: “கூடாரம் வாங்கணும்னா அந்தக் கயித்தக்கா இருக்கற கடைக்கு மட்டும் போயிடாதய்யா. மாமியார், மச்சான்னு மொத்தக் குடும்பத்தையும் தரையில படுக்க வெச்சிட்டுத்தான் பெட்டியையே காட்டுவா.”

கடை முழுக்கச் சிரிப்பு. மாமனாரும் நுரை தெறிக்கச் சிரித்தார். “யாருய்யா அது, அவ்வளவு துணிச்சல்காரி?”

கத்தி ஓட்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். “அசையாதீங்க. உங்க மருமகதாங்க.”

முப்பது வருடம் லாரி ஓட்டிய மனிதர், யார் எது சொன்னாலும் சுடச்சுடப் பதில் வைத்திருப்பவர். அன்று மட்டும் மீதி முகம் சிரைத்து முடியும்வரை வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், “உனக்கு ஊரே பேரு வெச்சிருக்கும்மா. லாரி போன இடத்துக்கெல்லாம் கூட என் பேரு போனதில்ல,” என்றார். அன்றிலிருந்து அவரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்.

பெயர் வந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவள் வேலை பார்த்த கடையில் கூடாரம், படுக்கைப்பை, கேஸ் விளக்கு, தண்ணீர் கேன் என்று வெளியே தங்கப் போகிறவர்களுக்கு வேண்டியது எல்லாம் கிடைக்கும். கூடாரப் பெட்டியின்மேல் ‘எட்டுப் பேர்’ என்று போட்டிருக்கும். அந்த எட்டுப் பேரும் தீக்குச்சி மாதிரி நேராகப் படுத்து, புரளாமல், பை செருப்பு ஒன்றும் உள்ளே வைக்காமல் இருந்தால்தான் அந்த எட்டு. நம்பி வாங்கிக்கொண்டு போனவர்கள் மறுவாரமே பெட்டியோடு வந்து சண்டை பிடிப்பார்கள். திட்டு வாங்கிச் சலித்துப்போய்த்தான் அவள் ஒரு வெள்ளைக் கயிறு வாங்கி வைத்துக்கொண்டாள். கூடாரத்தின் தரை என்ன அளவோ அதே அளவுக்குக் கடைத் தரையில் கயிற்றைக் கட்டம் போட்டு விரிப்பாள்.

“செருப்பைக் கழட்டிட்டு எல்லாரும் உள்ள வாங்க. வீட்டுல எப்படிப் படுப்பீங்களோ அப்படியே படுங்க.”

முதலில் கூச்சப்படுவார்கள், ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரிப்பார்கள். “இவரு குறட்டைக்குன்னு தனிக் கூடாரம் இருக்காக்கா?” என்று ஒருத்தி கேட்பாள். “அதுக்குத் தனி மலைதான் பார்க்கணும்,” என்பாள் இவள். இரண்டு நிமிடம் போனால் பேச்சு அடங்கி, உடம்புகள் தங்கள் பழக்கத்துக்கு வந்துவிடும். யார் சுவர்ப் பக்கம், யார் யாருக்கு முதுகு காட்டுகிறார்கள், எந்தப் பிள்ளை யார் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கும் என்று எல்லாம் தெரிந்துவிடும். அதைப் பார்த்துத்தான் கூடாரம் சொல்வாள். அவள் சொன்ன அளவு தப்பியதாக யாரும் திரும்பி வந்ததில்லை.

சில குடும்பங்கள் மட்டும் நடுவில் ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டுப் படுக்கும். விட்டது அவர்களுக்கே தெரியாது. ஒருமுறை அப்படி நாலு பேர் படுத்திருந்தபோது, பை வைக்க இடம் போதுமா என்று பார்க்க அந்த இடைவெளியில் ஒரு பையைக் கொண்டுபோய் வைத்தாள். பக்கத்தில் கண் மூடிக் கிடந்த அம்மா சட்டென்று எழுந்து பையைத் தூக்கிவிட்டாள், தூங்குகிற குழந்தையின் மேல் பாரம் விழுந்தால் எடுப்பதுபோல. எடுத்த பிறகுதான் தன் கையையே பார்த்தாள். முகம் வெளுத்துப்போயிற்று. அதற்குப்பின் நடுவில் ஏன் இடம் என்று கயித்தக்கா யாரையும் கேட்டதில்லை. இடம் விட்டுப் படுத்தால் ஓர் அளவு பெரிய கூடாரம், அவ்வளவுதான்.

அது தன் வீட்டுக்குள்ளேயே வரும் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

அந்த வருடம் மூன்று வாரமாகப் பூமி விட்டு விட்டு ஆடியது. பெரிதாக ஒன்றும் இல்லை, தட்டு கிணுகிணுக்கும், விளக்கு ஆடும், நின்றுவிடும். ஆனால் அவர்கள் வீட்டு முன்னறையில் கதவு நிலைக்கு மேலிருந்து மூலைவரை ஒரு விரிசல் ஓடியது. முதல் வாரம் தீக்குச்சி நுழைந்தது. மூன்றாம் வாரம் விரல் நுழைந்தது. கொத்தனார் வந்து பார்த்தார், சுவரைத் தட்டக்கூட இல்லை. “உள்ள படுக்காதீங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். தெருவே மைதானத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது.

வீட்டில் ஐந்து பேர். அவள், லேத் பட்டறைக்குப் போகும் கணவன், இரண்டு பெண் பிள்ளைகள், மாமனார். மாமியார் போய்ப் பல வருடம். கணவனுக்கு ஒரு தம்பி இருந்தான், சின்னவன். ஒன்பது வருடத்துக்கு முன் மலைப்பாதையில் மண் சரிந்தபோது லாரியில் கிளீனராகப் போயிருந்தான். லாரி கிடைத்தது, ஓட்டுநர் கிடைத்தார், சின்னவன் கிடைக்கவில்லை. “கிடைக்கலன்னா இருக்கான்னு அர்த்தம்,” என்று மாமனார் அன்று சொன்னதோடு சரி, அதன்பின் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. முன்கதவை மட்டும் ஒன்பது வருடமாகத் தாழ் போட விட்டதில்லை.

“நான் வரல,” என்றார் இப்போது. “நீங்க எல்லாரும் போங்க. எனக்கு இந்த நாற்காலி போதும்.”

“அப்பா, சுவரு உங்க தலைமேலதான் விழும்,” என்றான் மகன்.

“விழட்டும். நான் என்ன கல்யாண மாப்பிள்ளையா, முகம் கெட்டுப்போயிடும்னு பயப்பட?”

மகன் கத்திப் பார்த்துவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டான். அவளுக்குத்தான் மனசு கேட்கவில்லை. இந்த மனிதரை உள்ளே விட்டுவிட்டு மைதானத்தில் எப்படிக் கண் மூடுவது? முதலில் கூடாரத்தைப் பார்ப்போம் என்று கடைக்குப் போனாள். முதலாளி வாசலிலேயே ஒன்றை எடுத்து நீட்டினார். சீக்கிரம் நிற்கும், சுமையும் இல்லை. அவள் வேண்டாம் என்றாள். போன வருடம் நீர்த்தேக்கத்துப் பக்கம் குடும்பத்தோடு தங்கப் போனபோது அதே மாதிரிக் கூடாரம்தான். மதியக் காற்றிலேயே கம்பு ஒடிந்து சோற்றுப் பாத்திரத்தில் விழுந்து, மூன்று நாள் பயணத்தை ஒரே நாளில் மூட்டை கட்டினார்கள். வெளியூர் போய்த் தங்குவது வேறு, வீடு இருக்குமா என்று தெரியாமல் தங்குவது வேறு. இரும்புக் கால், தரையோடு சேர்த்துத் தைத்த அடித்துணி, மாமனாரின் மடங்காத முட்டிக்கு ஏற்றபடி நின்று நடக்கிற உயரம், ஒன்று சிக்கினால் வெளியேற இன்னொரு வாசல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து இரண்டைப் பிரித்து வைத்தாள். ஒன்று சிறியது, ஒன்று பெரியது. ஐந்து பேருக்குச் சிறியதே போதும்.

சாயங்காலம் வீட்டு முன்னறையில் சிறியதன் அளவுக்குக் கயிற்றை விரித்தாள். “மாமா, வர வேணாம். சும்மா படுத்து மட்டும் காட்டுங்க.”

“பார்த்தியா, கடைசில என்னையும் படுக்க வெச்சிட்டா கயித்தக்கா,” என்று முனகிக்கொண்டே வந்து கதவோரம் படுத்தார். மகன் இந்தப் பக்கம் படுத்தான். பிள்ளைகள் சுவரோரம் உருண்டார்கள். அவள் கடைசியில் வந்தபோது அவளுக்குக் கயிற்றுக்குள் இடம் இல்லை.

நின்று பார்த்தாள். எத்தனையோ குடும்பத்தைப் பார்த்த கண். அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவில், கதவுக்கு நேராக, ஓர் ஆள் படுக்கும் இடம் துடைத்து வைத்ததுபோல் காலியாக இருந்தது.

“சின்னக்குட்டி, நீ அப்பாவைத் தாண்டி அந்தப் பக்கம் போய்ப் படு,” என்றாள், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

சின்னக்குட்டிக்கு ஆறு வயது. சித்தப்பா போய் மூன்று வருடம் கழித்துப் பிறந்தவள். தலையைத் தூக்கிப் பார்த்தாள். “அங்க ஆள் இருக்குல்லம்மா,” என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டாள்.

மாமனார் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். கண்ணோரம் ஈரம் காதை நோக்கி இறங்கியது.

கயிற்றைச் சுருட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்: “மாமா, பெருசுதான் எடுக்கறேன். அதுக்கும் வாசல் ரெண்டு. ஒண்ணு நமக்கு. இன்னொண்ணோட ஜிப்பை முழுசா இழுக்க மாட்டேன், அடியில கை நுழையற அளவுக்குத் திறந்தே இருக்கும். அந்த வாசலுக்கு நேரா ஒரு பாய் போடறேன்.”

மாமனார் கதவுப் பக்கம் திரும்பினார். “அவன் வீட்டுக்குத்தானேம்மா வருவான்?”

“கதவுல எழுதிட்டு வாங்க, பச்சைக் கூடாரம்னு.”

கிழவர் எழுந்து, சாக்பீஸ் கேட்டு வாங்கி, முன்கதவில் பெரிய எழுத்தில் எழுதினார்: ‘மைதானத்தில் இருக்கிறோம். பச்சைக் கூடாரம். வா.’ எழுதிவிட்டு நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தார்.

மைதானத்தில் முதல் நாள் காலை, விடிந்து வெளிச்சம் பரவியபின் அவள் கண் திறந்தாள். கூடாரத் துணி வியர்க்கும் என்பது அவளுக்குப் புதிதில்லை. மூச்சுக்காற்று மேலே போய்த் துணியில் ஈரமாகப் படியும், படுத்திருப்பவர் தலைக்கு நேரே ஒரு திட்டு தெரியும். வாடிக்கையாளர்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். இப்போது படுத்தபடியே எண்ணினாள். பிள்ளைகளுக்கு இரண்டு சின்னத் திட்டு, தனக்கு ஒன்று, கணவனுக்கு ஒன்று, மாமனாருக்கு ஒன்று. நடுவில், காலிப் பாய்க்கு மேலே, இன்னொன்று.

திறந்த ஜிப் வழியாகப் பனி வந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, எழுந்து அதை மட்டும் முதலில் துடைத்தாள். துணி சில்லென்று இல்லை, வெதுவெதுப்பாக இருந்தது.

இரண்டாம் நாளும் அதே ஆறு. மூன்றாம் நாள் காலை ஜிப் அடிவரை இழுத்து மூடியிருந்தது, உள்பக்கமிருந்து.

“யாரு மூடினது?” என்று கேட்டாள்.

“நான் இல்ல,” என்றான் கணவன். பிள்ளைகளும் இல்லை.

மாமனார் நாற்காலியில் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். “உள்ள வந்தவன் மூடுவான்ல. பிள்ளைங்களுக்குக் குளிரும்ல,” என்றார், கடைக்குப் போய் வந்ததைச் சொல்வதுபோல.

ஆனால் அவளுக்கு இன்னொரு கவலை தீரவில்லை. தினமும் டீ குடித்ததும் அவர் வீட்டுக்குப் போய், எழுத்து அழியாமல் இருக்கிறதா என்று பார்த்து, முன்னறையில் ஒரு மணிநேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பூட்டி வைக்கலாம் என்றால் அந்தக் கதவுக்குச் சாவியே இல்லை.

நாலாம் நாள் ஒன்பது மணிக்கு, செருப்பு மாட்டிக் கிளம்பியவர் நாலடி போய்த் திரும்பி வந்தார். கூடார வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். வேலைக்குக் கிளம்பிய அவள் நின்றாள்.

“என்ன மாமா, வீட்டுக்குப் போகல?”

“மெதுவாப் பேசு,” என்றார். “அவன் இன்னும் எந்திரிக்கல. ரொம்ப அலுத்து வந்திருக்கான். எழுந்ததும் அவனையும் கூட்டிக்கிட்டுப் போறேன்.”

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். முந்தின சாயங்காலம் அவள் மடித்து வைத்திருந்த போர்வை பாயின்மேல் விரிந்து கிடந்தது. ஒரு பக்கம் கொஞ்சம் மேடாக இருந்தது. காற்று இல்லை. மேடு ஏறி, இறங்கி, ஏறியது. அவள் வாய்விட்டு ஏதோ சொல்லப்போனாள்.

அப்போதுதான் பூமி ஆடியது. முன்பு ஆடியது மாதிரி இல்லை. மைதானத்துத் தரையே துணியை உதறுவதுபோல் அலைந்தது. பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டு மண்டி போட்டாள். தெருப்பக்கமிருந்து புழுதி எழும்பியது. புழுதி அடங்கியபோது அவர்கள் வீட்டுக் கூரை, முன்னறை நாற்காலி கிடந்த இடத்தில் தரையோடு இருந்தது. கதவு மட்டும் எழுத்தோடு மல்லாக்கக் கிடந்தது.

மாமனார் நாற்காலியைவிட்டு நகரவில்லை. உள்ளே பாயில் போர்வை நாலாக மடித்து வைத்திருந்தது. அப்படி விளிம்புக்கு விளிம்பு சேர்த்து மடிக்க அவளுக்கு வராது.

பட்டறையிலிருந்து ஓடி வந்த கணவன் அப்பாவைப் பார்த்து அழுதான். “உங்களை யாருப்பா போக விடாம நிறுத்தினது?” என்று கேட்டான். கிழவர் உள்ளே கை காட்டினார். அவன் காலிப் பாயைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். அதிர்ச்சியில் பேசுகிறார் என்று விட்டுவிட்டான்.

பத்து நாள் கழித்து மழை பெய்து தண்ணீர் தேங்கியதால் கூடாரத்தை மேட்டுக்கு மாற்ற வேண்டியிருந்தது. இரும்புக் காலைக் கழற்றி, அடித்துணியைச் சுருட்டியபோது, ஈர மண்ணில் படுத்தவர்களின் தோளும் இடுப்பும் பதிந்த பள்ளங்கள் தெரிந்தன. கணவன் இடத்தைச் சமப்படுத்த மண்வெட்டியோடு வந்தவன், நின்று எண்ணினான். லேத்தில் நூல் அளவு பார்க்கிற கண். மறுபடி ஒருமுறை எண்ணினான். ஐந்தை மண் தள்ளி மூடினான். நடுவில் இருந்த நீளமான பள்ளத்துக்கு வந்ததும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, குந்தி உட்கார்ந்து அதன் தலைமாட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு இருந்தான். பிறகு எழுந்து கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு போனான். அதை அவன் மூடவில்லை.

கயித்தக்கா இப்போது மைதானத்துக்குப் பின்னால் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளில் மூன்றாவதில் இருக்கிறாள், கணவன், பிள்ளைகள், மாமனாரோடு. காலை ஒன்பதரைக்கு அதே கடைக்கு வேலைக்குப் போகிறாள்.