சிவப்பு வீட்டின் ஒன்பது படிகள்

கனடாவில், நோவா ஸ்கோஷியாவின் அந்தத் துறைமுக ஊருக்கு வருகிறவர்கள் மூன்றைப் படம் பிடிக்காமல் போகமாட்டார்கள்: கலங்கரை விளக்கம், மரத்தால் கட்டிய பழைய சர்ச், மேட்டுத்தெருவில் வெல்டாவின் சிவப்பு வீடு. வாசலில் ஒன்பது மரப்படிகள். பின்பக்கம் செங்குத்துப் பாறை. வேறு வழி கிடையாது.

படத்தில் விழாதவர் அவள் புருஷன் எல்டன். நாற்பது வருஷம் கடலில் மீன் பிடித்தவர். பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாகச் சக்கர நாற்காலியில் ஜன்னலோரம் இருந்தார். அவருக்கு ஒரே ஆசைதான். செப்டம்பரில் துறையடியில் நடக்கும் ஜெபத்தில், கடல் கொண்டுபோனவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். தம்பியின் பெயர் வரும்போது தான் அங்கே இருக்க வேண்டும்.

அக்கம்பக்கத்து ஆண்கள் தூக்கிப்போகிறோம் என்றார்கள். "நாலு பேர் தூக்கறது பொணத்தத்தான்டா. அதுக்கு இன்னும் கொஞ்சம் பொறுங்க" என்று சிரித்து அனுப்பிவிட்டார்.

படிமேல் சாய்தளம் போட அனுமதி கேட்டு வெல்டா மூன்று முறை எழுதினாள். பழைய வீடுகளைக் காக்கும் குழு மூன்று முறையும் மறுத்தது. கடைசித் தடவை குழுத் தலைவி கோராலியே வந்து, வெல்டா கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே சொன்னாள்.

"கோவிச்சுக்காதீங்க வெல்டாக்கா. எரநூறு வருஷத்து முகப்பு. இது ஊர்ச் சொத்து."

"முகப்பு ஊருக்குன்னா, உள்ள கெடக்கற மனுஷன் யாருக்கு, கோராலி?"

கோராலி கோப்பையை வைத்துவிட்டு எழுந்தாள்.

ஆகஸ்டில் எல்டன் போய்விட்டார். படி செங்குத்து, பெட்டி சறுக்கிவிடும் என்று அடக்கத்துக்கு ஏற்பாடு செய்தவர் குழுவுக்குப் போன் செய்தார். அன்று மத்தியானமே அனுமதி வந்தது, ஒரே ஒரு நாளைக்கு. படிமேல் சாய்வாகப் பலகை அடித்தார்கள். பெட்டி தள்ளுவண்டியில் ஆடாமல் அசையாமல் தெருவுக்கு இறங்கியது. கீழே யாரோ அதையும் படம் பிடித்தார்கள்.

கல்லறையிலிருந்து திரும்பியதும் வெல்டா காலி நாற்காலியை அந்தப் பலகையில் ஒருமுறை இறக்கி ஏற்றிப் பார்த்தாள். மூச்சுக்கூட வாங்கவில்லை. மறுநாள் காலையில் பலகையைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.

செப்டம்பரில் அவள் தனியாகத் துறையடிக்குப் போனாள். கொழுந்தன் பெயரைக் கேட்டாள். எல்டன் பெயர் வராது. அவர் செத்தது கரையில். பிறகு எல்லாரும் கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபத்தைச் சொன்னார்கள். வெல்டா ஐந்து வயதிலிருந்து ஒருநாள் விடாமல் சொல்லிவந்த ஜெபம். பக்கத்தில் கோராலி கண்ணை மூடி நின்றிருந்தாள். பிழை செய்தவர்களை மன்னிக்கிறோம் என்ற இடம் வந்ததும் வெல்டாவின் வாய் நின்றுவிட்டது. ஆண்டவரே, உம்மிடம் பொய் சொல்ல மாட்டேன் என்று மனசுக்குள் சொல்லிவிட்டு, ஆமென் வரைக்கும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.